கக்கத்தில் கலவரம்!

பஸ்ஸில் தலைக்கு மேலே நீளமாக ஒரு கம்பி ஓடுகிறதல்லவா? அதை வலது கையால் பிடிக்காமலே எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். 2011-லிருந்து 2019 வரை. கம்பியோடு எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. கையைத் தூக்கினால் கக்கத்தில் குடியிருந்த எலுமிச்சம்பழம் 'அம்மா' என்று அலற வைத்துவிடும். அதனால் இடது கை. இடது பக்கமும் ஒன்று முளைத்துவிட்ட வாரங்களில் கம்பியே கிடையாது. கூட்டத்தை நம்பி நிற்பேன். சென்னையில் காலை எட்டரை மணி பஸ்ஸில் கீழே விழக்கூட இடம் இருக்காது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று கம்பி பிடிப்பவர்களுக்குத் தெரியாது!

முதல் கட்டி வந்தபோது எனக்கு வயது 23. வேலையில் சேர்ந்து ஆறு மாசம். சித்திரை வெயில் வேறு. 'வேனல் கட்டி' என்று வீடே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஐப்பசி அடைமழையில் இரண்டாவது வந்தது. அப்போதும் தீர்மானத்தில் திருத்தம் எதுவும் இல்லை.

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் கண்ணு முழிச்சா உடம்பு சூடாகாம என்னடா பண்ணும்?" என்றாள் அம்மா. வெந்தயத் தண்ணீர், இளநீர், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல் என்று சட்டங்கள் அமலுக்கு வந்தன.

பாட்டியின் வைத்தியம் தனி. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து வெதுவெதுப்பாகப் பத்துப் போட்டுவிட்டாள். "பழுத்து உடைஞ்சிடும் ராசா, நீ பாட்டுக்கு ஆபீஸ் போ" என்றாள். போனேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ரத்தச் சிவப்பு என்பது ஆரத்தித் தட்டு எடுத்த எல்லோருக்கும் தெரியும். வெள்ளைச் சட்டைக்காரன் எனக்குத்தான் தெரியவில்லை. பதினோரு மணிக்குப் பக்கத்து சீட்காரர் பார்த்துவிட்டு, "யோவ், யாரோ இவனைக் குத்திட்டாங்கய்யா!" என்று போட்ட சத்தத்தில் மானேஜரே ரூமை விட்டு வந்துவிட்டார்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. கட்டி உடைந்தால் சீழ். சீழ் என்றால் வாடை. பையில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை. மதியம் சாப்பிடும்போது எல்லோரும் ஒரு மேஜையில் உட்கார, நான் ஏதோ அர்ஜென்ட் போன் வந்தவன் மாதிரி மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு மூன்று குளியல், விதவிதமான சோப்பு, டெட்டால். தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் போயிற்று, கட்டி போகவில்லை. 'நான் அசிங்கமானவன்' என்று ஒரு எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா கொண்டுவந்த இரண்டு ஜாதகங்களை, "கொஞ்சம் செட்டில் ஆகட்டும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். செட்டில் ஆக வேண்டியது நான் இல்லை, என் கக்கம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் சட்டையைக் கழற்றாமலே விவரம் சொன்னால் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுப்பார்கள். சில சமயம் கேட்கும், சில சமயம் கேட்காது. எந்த டாக்டரிடம் போனாலும் "கீறி விட்டுடலாம்" என்பார். நான்கு முறை கீறினார்கள். கீறியதும் வலி போய் ராத்திரி தூக்கம் வரும். சொர்க்கம்! இரண்டு மாசத்தில் அதே தெருவில், பக்கத்து வீட்டில், இன்னொன்று. ஒரு தடவை சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். 'நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை, தோலில் சாதாரணமாக இருப்பவை மட்டும்' என்று ரிப்போர்ட் வந்தது. இத்தனை சீழில் கிருமி இல்லையா? லேபில் வேறு யாருடைய பாட்டிலோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ரிப்போர்ட்டில்தான் விஷயமே இருந்தது என்று 2019-ல் ஒரு தோல் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அவர் கட்டியை இரண்டு நிமிஷம்தான் பார்த்தார். கேள்விகள்தான் அதிகம்.

"வேற எங்கயாவது வருதா?"

"தொடை இடுக்குல..." (குரல் எனக்கே கேட்கவில்லை.)

"ஆறு மாசத்துல ரெண்டு தடவையாவது வருதா?"

"அஞ்சாறு தடவை மேடம்."

"வீட்ல யாருக்காவது?"

யோசித்தேன். சித்தப்பா ஒருவர் எப்போதும் ஒரு கையை உடம்பில் ஒட்டாமல் தூக்கி வைத்துக்கொண்டே நடப்பார். பயில்வான் நடை என்று நாங்கள் கிண்டல் செய்திருக்கிறோம். பாவம்.

"சிகரெட்?"

"எப்பவாவது..."

"எப்பவாவதுன்னா?"

"ஒரு நாளைக்கு எட்டு."

கடைசியில் ஒரு பேப்பரில் பெயரை எழுதிக் கொடுத்தார். படிக்க முடியவில்லை. டாக்டர் கையெழுத்து என்பதால் இல்லை, பெயரே அப்படி. ஹைட்ராடெனிடிஸ் சுப்புரேட்டிவா! ஏதோ இத்தாலி நாட்டு அமைச்சர் பெயர் மாதிரி இருந்தது. எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று எட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"நான் சுத்தமாத்தான் இருக்கேன் மேடம்..."

"இல்லைன்னு யார் சொன்னாங்க?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே.

அதற்கு ஏன் எனக்குக் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்று தெரியவில்லை. ஏ.சி. அதிகமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் இந்த வியாதியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1839-லேயே பாரீஸில் வெல்போ என்ற சர்ஜன் இந்த மாதிரி கட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பதினைந்து வருஷம் கழித்து வெர்னாய் என்ற இன்னொரு பிரெஞ்சு சர்ஜன், இது வியர்வைச் சுரப்பியின் கோளாறு என்று முடிவுகட்டி அதற்கேற்ற மாதிரி பெயரும் வைத்துவிட்டார். கக்கம், வியர்வை, கட்டி... கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ரொம்பக் காலம் உலகமே அப்படித்தான் நம்பியது. ஆனால் கணக்கு தப்பு. தகராறு ஆரம்பிப்பது வியர்வைச் சுரப்பியில் இல்லை, மயிர்க்காலில். (திட்டவில்லை. நல்ல தமிழ் வார்த்தை.) பெயர் மட்டும் பழையதே நிலைத்துவிட்டது.

நடப்பது இதுதான். மயிர்க்காலின் வாய், கெரட்டின் என்ற தோல் சரக்கால் அடைத்துக்கொள்கிறது. உள்ளே சரக்கு சேரச் சேர பலூன் மாதிரி உப்புகிறது. ஒரு நாள் உடைகிறது. வெளிப்பக்கமாக உடைந்தால் பரு மாதிரி போய்விடும். இது உள்பக்கம், தோலுக்கு அடியில் உடைகிறது. கெரட்டின், முடித் துண்டு, கூடவே அங்கே குடியிருந்த பாக்டீரியா எல்லாம் இருக்கக் கூடாத இடத்தில் போய்க் கொட்டுகின்றன. நம் எதிர்ப்புச் சக்தி என்கிற போலீஸ் அதைப் பார்க்கிறது. அங்கேதான் கலவரம்.

போலீஸ் வருவதற்குக் கிருமிதான் வேண்டும் என்பதில்லை. இதைக் கண்ணால் பார்த்தவர் எலீ மெச்னிகாஃப் என்ற ரஷ்யர். 1882-ல் இத்தாலியின் சிசிலித் தீவில், மெஸ்ஸினா என்ற ஊரில் இருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பில் நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாதிரி உடம்புள்ள குஞ்சு. உள்ளே செல்கள் நகர்வது அப்படியே தெரியும். திடீரென்று ஒரு எண்ணம்: இதற்குள் ஒரு முள்ளைச் செருகினால், விரலில் முள் ஏறியபோது நமக்கு ஆகிறதே, அந்த மாதிரி செல்கள் வந்து சூழ்ந்துகொள்ளுமா? தோட்டத்தில் போய் ரோஜா முள்ளைப் பறித்துவந்து செருகினார். ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி ஒரே கூட்டம்! நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் செய்யும் காவல் வேலையை உலகத்துக்குப் புரியவைத்த முள் அது. 1908-ல் நோபல் பரிசு, பால் எர்லிக் என்பவரோடு சேர்த்து.

என் கக்கத்தில் அந்த முள் வேலையைச் செய்வது என்னுடைய சொந்தக் கெரட்டினும் சொந்த முடியும்தான். மேலே இருந்தால் தோல், முடி. கீழே போனால் அந்நியன்.

சரி, பாக்டீரியாவுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. கக்கம் என்பது நம் உடம்பின் தியாகராய நகர். ஈரம், சூடு, நெரிசல். ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சக்கணக்கில் பாக்டீரியா. உங்களுக்கும் உண்டு, சினிமா நட்சத்திரத்துக்கும் உண்டு. வியர்வைக்கு என்று தனி வாடை கிடையாது, இவை அதைத் தின்று செய்யும் வேலைதான் வாடை. பெரும்பாலானவை வாடகை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டு குடியிருக்கும் ஜாதி. கெட்ட கிருமி வந்தால் இடம் கொடுக்காமல் துரத்துவதும் இவைதான். அந்த லேப் ரிப்போர்ட்டில் வந்த 'சாதாரணமாக இருப்பவை' இந்தக் குடித்தனக்காரர்கள்தான்.

போலீஸுக்கு இவர்கள் முகம் முன்பே பழக்கமாகியிருக்க வேண்டும். அது எப்போது பழக்கமாகிறது என்பதில் ஒரு அருமையான எலி ஆராய்ச்சி இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோவில் செய்தது. பிறந்த முதல் வாரத்தில் ஒரு சாதாரணத் தோல் பாக்டீரியாவை எலிக்குட்டியின் தோலில் தடவினார்கள். அந்த வயதில், சண்டையை அடக்கிவைக்கும் வெள்ளை அணுக்கள் தோலுக்குள் திமுதிமுவென்று வந்து சேருகின்றன. அவை அந்த பாக்டீரியாவை 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்று குறித்துக்கொண்டன. பெரிதான பிறகும் அதைப் பார்த்துப் பெரிதாகச் சண்டை இல்லை. வளர்ந்த எலிக்கு முதல் முறையாகத் தடவியபோது அந்தச் சமாதானம் ஏற்படவில்லை. சின்ன வயசில் தெருவில் விளையாடிய பையனைப் பாட்டிக்கு அடையாளம் தெரிகிற மாதிரி.

என் மாதிரி ஆசாமிகளின் கட்டிகளில் குடித்தனக்காரர்களே மாறிப்போயிருக்கிறார்கள். நல்ல தோலில் நிறைய இருக்கும் பழைய ஆட்கள் குறைந்து, காற்றே இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பெருகியிருக்கின்றன. காரணம், சுரங்கம். கட்டி வந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால் ஒரு கட்டிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தோலுக்கு அடியில் சுரங்கப் பாதை உண்டாகிவிடுகிறது. அதன் உள்சுவரும் தோல் மாதிரியே. அதனால் தானாக மூடுவதில்லை. இருட்டு, காற்று கிடையாது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாக்டீரியா பாய் விரித்துப் படுத்துவிடும். அதைப் பார்த்துப் போலீஸ் இன்னும் ஆளைக் கூப்பிடும். டி.என்.எஃப்., இன்டர்லூகின் என்று பெயருள்ள ரசாயன வயர்லெஸ் செய்திகள் பறக்கும். வந்தவர்கள் அடிக்கிற அடியில் பக்கத்து மயிர்க்கால்களும் நாசம். கீறி விட்டால் சீழ் போகும், சுரங்கம் போகாது. வெறுமனே கீறிய இடத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே திரும்ப வந்துவிடும் என்று படித்தபோது, நான்கு தடவை கொடுத்த காசு ஞாபகம் வந்தது.

தீக்குச்சி கிழித்தது பாக்டீரியா இல்லை, அப்புறம் எண்ணெய் ஊற்றுவது அதுதான் என்பது என் பாமரக் கணக்கு. சிலருடைய போலீஸ் மட்டும் ஏன் இவ்வளவு முரட்டுத்தனம் என்பதற்கு விஞ்ஞானிகளிடமே முழு விடை இல்லை. பரம்பரை ஒரு பங்கு. 2010-ல் சீனாவில் சில குடும்பங்களை ஆராய்ந்து ஒரு மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தக் கோளாறு நோயாளிகளில் கொஞ்சம் பேருக்குத்தான் இருக்கிறது. சிகரெட் ஒரு பங்கு. தொப்பை ஒரு பங்கு. மேற்கத்திய நாடுகளில் இது பெண்களுக்கு அதிகம். ஜப்பானிலும் கொரியாவிலும் நம்மைப் போன்ற ஆண்களுக்கு அதிகம். ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே சோப்பு, ஒரே டவல், ஒரே படுக்கை... யாருக்கும் வராது.

இது ஏதோ ஒற்றை அதிசயம் என்று நினைக்க வேண்டாம். முகப்பருவில் இருக்கிற பாக்டீரியா பரு இல்லாத முகத்திலும் இருக்கிறது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்து போன இரண்டு மூன்று வாரத்தில் சிலருக்கு உடம்பெல்லாம் துளித்துளியாக சொரியாசிஸ் கிளம்பும். தோலில் கிருமி இருக்காது. தொண்டையில் ஆரம்பித்த சண்டையைப் போலீஸ் தோலில் வந்து தொடர்கிறது.

எனக்கு டாக்டரம்மா கொடுத்தது டாக்ஸிசைக்ளின், மூன்று மாசத்துக்கு. "ஆன்டிபயாட்டிக்தானே மேடம்? கிருமி இல்லேன்னீங்களே?" என்று மடக்கினேன். (படித்த திமிர்.) "அது கிருமியையும் அடக்கும், போலீஸையும் கொஞ்சம் அடக்கும். ரெண்டாவதுக்காகத்தான் முக்கியமா தரேன்" என்றார். மேலே தடவக் கிளிண்டாமைசின். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. வலது பக்கச் சுரங்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன். கீறுவது இல்லை, சுரங்கத்தின் கூரையையே பிரித்து எடுத்துவிட்டுத் தரையிலிருந்து ஆற விடுவது. ஆற ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடத்தில் இன்று வரை திரும்ப வரவில்லை.

ரொம்ப முற்றியவர்களுக்கு அந்த வயர்லெஸ் செய்தியையே பாதியில் வெட்டுகிற ஊசிகள் வந்துவிட்டன. இந்த வியாதிக்கென்று அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்தது அடாலிமுமாப் என்ற ஊசிக்கு, 2015-ல். 2023-லும் 2024-லும் இன்டர்லூகின் 17-ஐக் குறிவைக்கும் இரண்டு ஊசிகள். அடாலிமுமாபின் நகல் மருந்தை இந்தியக் கம்பெனி ஒன்று 2014-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் ஊசி மலிவு இல்லை. அதைவிட முக்கியம், போடுவதற்கு முன்னால் உள்ளே டி.பி. ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். நம் ஊரில் பல பேர் உடம்பில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. போலீஸைக் கட்டிப்போட்டால் அதுவும் எழுந்துகொள்ளும். எனக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. சிகரெட்டை விட்டேன். (மூன்றாவது முயற்சியில்.) ஒன்பது கிலோ குறைத்தேன். பூரண குணம் என்று சொல்ல மாட்டேன். வருஷத்தில் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும், அமுக்காமல் விட்டு டாக்டரிடம் ஓடுவேன்.

என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். பல நாடுகளில் நோயாளிகளைக் கேட்டு 2015-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த வியாதிக்குச் சரியான பெயர் சொல்லப்படச் சராசரியாக 7 வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொரியாசிஸுக்கு 2 வருஷம்கூட ஆவதில்லை. நான் எட்டு. உலக சராசரியை ஒட்டி நான் செய்த ஒரே காரியம் இதுதான். சீக்கிரம் போயிருந்தால் சுரங்கம் விழுந்திருக்காது. சுரங்கம் மாத்திரைக்குப் போவதில்லை.

2021-ல் மூன்றாவது ஜாதகம் வந்தது. திருப்பி அனுப்பவில்லை. பெண்ணிடம் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கேட்டு, பிடித்த படம் எது என்றெல்லாம் கேட்காமல் நேராகக் கக்கத்துக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரொம்ப வலிக்குமா?" என்றாள். இப்போது அவள்தான், "நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும், ஞாபகம் இருக்கா?" என்று விரட்டுகிறாள். அம்மா மட்டும் இன்னும் வெந்தயத் தண்ணீரை விடவில்லை. நானும் குடித்துவிடுகிறேன். ருசியாகத்தான் இருக்கிறது.

போன மாசம் எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். ஆனால் மவுஸை இடது கையில் வைத்துக்கொண்டு திணறுகிறான், கையெழுத்து என்னவோ வலது கையில்தான் போடுகிறான். மதியம் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில், எனக்குப் பழக்கமான அதே மூலையில், டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"உட்காருப்பா... கட்டியா?"

முகம் செத்துப்போய்விட்டது. "வெறும் சூடு சார்... சரியாயிடும்."

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்துச்சு?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.